கழுத்துல ஸ்க்ரூ போட்டா தலையத் திருப்ப முடியாதா?

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 54 வயசு, ரொம்ப வருஷமா முடக்குவாதம். இப்ப பிடரியில ஓயாத வலி, ஜாக்கெட் ஹூக் மாட்ட விரல் வர மாட்டேங்குது, நடக்கும்போது தள்ளாடுறாங்க. ஸ்கேன்ல கழுத்தோட மேல் ரெண்டு எலும்பும் விலகியிருக்காம், ஸ்க்ரூ போட்டு இணைக்கணுமாம். அப்புறம் தலையத் திருப்பவே முடியாதுன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. எண்ணெய் போட்டு நீவினா சரியாகாதா?
- ஒரு வாசகி

பதில்: நீவுறத இன்னிக்கே நிறுத்துங்கம்மா, அந்த இடத்துல யாரும் கையே வைக்கக் கூடாது. முதல் எலும்பு ஒரு வளையம், ரெண்டாவது எலும்போட முனை அதுக்குள்ள நிக்கும், அத விலகாம புடிச்சிருக்கிற தசைநார முடக்குவாதம் அரிச்சிடுது. அதனால தலை குனியும்போது வளையம் முன்னால வழுக்கி, பின்னால ஓடுற தண்டுவடம் நசுங்குது. வளையத்துக்கும் அந்த முனைக்கும் நடுவுல இருக்கிற முன்பக்க இடைவெளி பெரியவங்களுக்கு 3 மி.மீ. தாண்டக் கூடாது, பின்னால தண்டுவடத்துக்கான இடம் 14 மி.மீ.க்குக் கீழ போனா பெரும்பாலும் ஆபரேஷன்தான். ஹூக் மாட்ட முடியலன்னா நரம்பு ஏற்கெனவே அடி வாங்குதுன்னு அர்த்தம், தள்ளிப்போட்டா போனது முழுசா திரும்பாது.

தலையத் திருப்புறதுல பாதி அந்த ரெண்டு எலும்பும் சேர்ற மூட்டுலதான் நடக்குது, அது போயிடும், மறைக்க விரும்பல. மிச்சம் கீழ் மூட்டுகள்ல இருக்கு. மண்டையோட்டோட சேத்து இணைக்கலேன்னா தலையாட்டுறது பெருசா பாதிக்காது. பக்கத்துல பாக்கணும்னா தோளையும் சேத்துத் திரும்பணும், அவ்வளவுதான்.

1939ல கேலிங்கிற சர்ஜன் இந்த எலும்புகள கம்பி சுத்திக் கட்டினார், அப்ப மாசக்கணக்குல கழுத்த அசைக்காம வெச்சிருக்கணும். 1994ல மும்பை சர்ஜன் அதுல் கோயல் ரெண்டு எலும்புலயும் ஸ்க்ரூ போட்டு பிளேட்டால இணைச்ச முறைய எழுதினார், 2001ல ஜெர்மனி சர்ஜன் ஹார்ம்ஸ் பிளேட்டுக்குப் பதிலா ராடு வெச்சார், இன்னிக்கு உலகம் பூரா அதுதான் ஓடுது. ஸ்க்ரூ தற்காலிகப் பிடிமானம்தான், இடுப்புலேர்ந்து எடுத்து வைக்கிற எலும்பு ஒட்டணும், அதுக்கு மாசங்கள் ஆகும்.

பெரிய பயம், ஸ்க்ரூ போற வழி பக்கத்துலயே மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஓடுறது. அதனால சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஓடுற வழியக் காட்டுற ஸ்கேன்) எடுத்தாச்சான்னு கேளுங்க. முடக்குவாத மாத்திரை, ஊசி எல்லாத்தையும் சர்ஜன்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்டயும் கழுத்தெலும்பு விலகியிருக்குன்னு கட்டாயம் சொல்லணும், தலைய சாய்க்காம கேமரா வெச்சு மூச்சுக்குழாய்ல குழாய் போடுவாங்க. பல் புடுங்கப் போனாலும் இதச் சொல்லுங்க.

ஆபரேஷனுக்கு முன்னால கை கால் திடீர்னு பலமிழந்தாலோ யூரின் கட்டுப்பாடு போனாலோ தேதி வரட்டும்னு காத்திருக்காம கழுத்துக் காலர் மாட்டி அன்னிக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.