உங்கள் கைக்கடிகாரத்தில் மணி என்ன?

கேள்வி: எனக்கு வயது 62. கணவர் ஓய்வு பெற்ற கையோடு, சேமிப்பில் பெரும்பங்கைப் போட்டு 118 நாள் உலகச் சுற்றுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆச்சரியப்படுத்துகிறாராம். இன்று 61வது நாள். அறை பதினைந்து சதுர மீட்டர் இருந்தால் அதிகம். ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். அவர் அறையில் இருந்தால்தானே அந்தத் தொல்லையும்! காலையில் மேல்தளத்தில் நடை, பிறகு சொற்பொழிவு, சீட்டாட்டம், சேர்ந்து பாடுகிற குழு. வேலைக்குப் போன காலத்தில் வீட்டில் இல்லாதவர் இப்போதும் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் மேசை. நான் போவதை நிறுத்திவிட்டேன். விடியற்காலை மூன்றரைக்கு எழ வேண்டும். ஊரில் பேரன் தூங்கப் போகும் நேரம் அது, அப்போதுதான் போனில் கூப்பிடுவேன். இப்போது என் நாற்காலியில் கணவரை இழந்த ஒரு அம்மா உட்காருகிறாராம். போன வாரம் பசிபிக் கடலில் நாள் மாறுகிற தேதிக்கோட்டைத் தாண்டியதில் ஒரு நாளே காணாமல் போனது. அது பேரனின் பிறந்தநாள். நான் அழுதேன், இவர் சிரித்தார். மருமகள் இப்போதெல்லாம் போனை எடுப்பதே இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கப்பலில் மணியை மாற்றுகிறார்கள். என் கைக்கடிகாரத்தை மட்டும் நான் தொடவில்லை, அது ஊர் நேரத்திலேயே ஓடுகிறது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி விமானம் பிடித்து ஊருக்குப் போய்விடட்டுமா?

பதில்: சகோதரி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. கப்பல்தான் புதிது. கணவர் ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் வீடுகளிலிருந்து வருகிற கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது என்னிடம். அதில் பாதிப் பேர் இவர் வீட்டிலேயே கிடக்கிறார் என்று அழுகிறார்கள், மீதிப் பேர் வீடு தங்குவதில்லை என்று.

ஆகவே அறையின் அளவு, சீட்டாட்டம், பாட்டுக் குழு எல்லாவற்றையும் தள்ளி வைக்கிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, கைக்கடிகாரத்தைத் தொடவில்லை என்று, அதைப் பேசுவோம்.

மேற்கு நோக்கிப் போகிற கப்பலில் நேரம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சடித்து முந்தின மாலையே அறைக்கு ஒரு தாள் வரும். மணி மாறும் நாட்களில் அதில் ஒரு வரி சேர்ந்திருக்கும்: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். அன்றைய நாளுக்கு 25 மணி நேரம். உலகத்தை முழுதாகச் சுற்றி முடிப்பதற்குள் இப்படி மொத்தம் 24 மணி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் கையில் கொடுக்கிறது. தேதிக்கோட்டில் ஒரே வீச்சில் ஒரு முழு நாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கணக்கு சரியாகப் போய்விடும். மேற்கு நோக்கி முதன்முதலாக உலகைச் சுற்றிய பயணத்தில் மெகல்லனோடு கிளம்பியவர்களில் மிஞ்சியவர்கள் 1522இல் திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவுகளில் கரையேறியபோது, அவர்கள் நாட்குறிப்பில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. ஒரு நாள்கூட விடாமல் எழுதி வந்தவருக்கே தலை சுற்றியது. பாவம், அவர்களுக்குக் காரணம் சொல்ல ஆள் இல்லை.

உங்களுக்குக் காரணம் தெரியும். கப்பல் நாட்காட்டியில் இல்லாமல் போன அந்தத் தேதி ஊரில் காலை முதல் இரவு வரை முழுசாக இருந்தது. பையன் பிறந்தநாள் கொண்டாடியிருப்பான். ஊர் நேரத்தில் ஓடுகிற கடிகாரத்தைக் கையில் கட்டியிருக்கும் உங்களுக்கு இது தெரியாதா? அப்படியானால் அந்த அழுகை காணாமல் போன நாளுக்காக இல்லை. நீங்கள் இல்லாமலே ஒரு பிறந்தநாள் நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டதே, அதற்காக.

கோபம் வருகிறதா? வரட்டும். தொடர்ந்து படியுங்கள்.

ஊர் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தைக் கப்பலில் வைத்துக்கொள்வது புதுப் பழக்கமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்காக உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஜான் ஹாரிசன் என்ற தச்சர், தானாகவே கடிகாரத் தொழில் கற்றவர், கடல் ஆட்டத்திலும் வெயில் குளிரிலும் தடுமாறாத கடிகாரம் ஒன்றைச் செய்யப் பல பத்தாண்டுகள் செலவழித்தார். 1761இல் அதை ஜமைக்கா போகும் கப்பலில் மகனோடு அனுப்பிச் சோதித்தார்கள். 81 நாளில் அது பின்தங்கியது ஏறக்குறைய 5 வினாடி. எதற்கு இந்தப் பாடு? சூரியன் உச்சிக்கு வரும்போது கப்பலில் நண்பகல் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஊரில் மணி என்ன என்று கடிகாரம் சொல்லும். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் என்றால் கிழக்கிலோ மேற்கிலோ 15 பாகை (டிகிரி) தள்ளி வந்திருக்கிறோம் என்று கணக்கு. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் மாலுமிகள் ஊர் நேரத்தைச் சுமந்து போனார்கள். ஊரில் யார் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று பார்க்க இல்லை.

நீங்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்களேன். கப்பலில் விடியற்காலை மூன்றரை, பேரன் ஒன்பது மணிக்குப் படுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறரை மணி நேர வித்தியாசம். பூமி உருண்டையில் கால் வட்டத்துக்கும் கொஞ்சம் மேல். அவ்வளவு தூரத்திலிருந்து கையை நீட்டிப் பையனுக்குப் போர்வை இழுத்துவிடப் பார்க்கிறீர்கள். இதில் இன்னொன்று. மேற்கே போகப் போகக் கப்பல் மணி பின்னால் போகும். உங்கள் அலாரம் இரண்டரைக்கு வரும், அப்புறம் ஒன்றரைக்கு வரும். நேரம் மாறும் இரவுகளில் கப்பலில் எல்லோரும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார்கள். நீங்கள் ஒருத்தி மட்டும் அந்த நேரத்தை இருட்டில் போன் வெளிச்சத்தில் கரைக்கிறீர்கள்.

மருமகள் ஏன் போனை எடுப்பதில்லை என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. என் அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிதம் வரும். மோட்டாரைப் பழுது பார்த்தாயா, பையன் கணக்கில் எத்தனை மதிப்பெண், மாடிக் கதவுக்குப் பூட்டு மாற்றினாயா. பக்கம் பக்கமாகக் கேள்வி. அண்ணி கடைசிக் காலத்தில் உறையைப் பிரிக்காமலேயே அலமாரித் தட்டில் அடுக்கி வைத்தார். ஏன் அண்ணி என்று கேட்டேன். "அவர் இல்லாதது பழகிப்போச்சு. இல்லாமலே இருந்துகொண்டு கணக்குக் கேட்பதுதான் பழகலை" என்றார். அண்ணனாவது மாதத்துக்கு ஒரு கடிதம். நீங்கள் தினமும் இரவு ஒன்பது மணிக்கு, நாள் முழுக்க ஓடிய ஒரு பெண் தன் பிள்ளையைப் படுக்கவைக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், மணியடித்தாற்போல் கூப்பிடுகிறீர்கள். எடுத்தால் பையனுக்குத் தூக்கம் கலையும், எடுக்காவிட்டால் மாமியாருக்குக் கோபம். அவள் என்னதான் செய்வாள்?

பேரன் மேல் பாசம், அதில் என்ன தப்பு என்பீர்கள். பாசத்தில் தப்பில்லை. ஆனால் முப்பது வருடம் அந்த வீட்டை ஒற்றை ஆளாக நடத்திய பழக்கம் விடவில்லை என்பதுதான் நிஜம். சாவியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு வந்தீர்கள், வளையத்தை விரலிலிருந்து கழற்றவில்லை. பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது உங்கள் கடமை, செய்தீர்கள். அவன் பிள்ளையை அவனும் அவன் மனைவியும் வளர்க்கட்டும். இதில் எனக்கு இரண்டு கருத்தே கிடையாது. பிடிக்காதவர்கள் அடுத்த வாரம் திட்டி எழுதலாம்.

உங்கள் அறைக்குக் காலையும் மாலையும் ஒருவர் வந்து கட்டிலைச் சரிசெய்து, குளியலறையைத் துடைத்துவிட்டுப் போகிறாரே, அவரைப் பற்றி மூன்று பக்கக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவர் உங்களைப்போல் 118 நாளில் வீடு போகிறவர் இல்லை. ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. மீதி நேரத்தில் எவ்வளவு வேலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஊரில் ஒரு குழந்தை இருக்கலாம். ஒரு நாள் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் கடிகாரத்தில் மணி என்ன என்றும் பாருங்கள். கப்பல் நேரம்தான் இருக்கும். மாற்றாவிட்டால் காலை வேலைக்குத் தவறிவிடுவார்.

இப்போது கணவர். அவரையும் விடப்போவதில்லை. மனைவியைக் கேட்காமல் சேமிப்பை எடுத்து நாலு மாதத்துக்குக் கப்பலேற்றுவதற்கு ஆச்சரியம் என்று பெயர் வைத்தால் சரியாகிவிடுமா? என்னிடம் கேட்டால் அதற்குப் பெயர் வேறு. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதை நேராகச் சொல்லுங்கள், பாட்டுக் குழுவைப் பற்றிச் சொல்லாமல். ஆனால் ஒன்று: அவர் இரவுச் சாப்பாட்டுக்கு மேசைக்குப் போகிறார். தினமும், அதே மேசைக்கு. நாற்காலியைக் காலி செய்தது நீங்கள். எட்டுப் பேர் மேசையில் ஓர் இடம் வாரக்கணக்கில் காலியாக இருந்தால் யாரையாவது உட்காரவைக்கத்தான் செய்வார்கள். அந்த அம்மா மேல் சந்தேகம் வேண்டாம். தனியாகச் சாப்பிடப் பிடிக்காத ஒருத்தர், அவ்வளவுதான். அதுவும் முழுச் சுற்றுக்கும் வந்தவரா, பாதி வழியில் இறங்குகிறவரா என்றுகூடத் தெரியாமல் கடிதத்தில் அழுதிருக்கிறீர்கள்.

இறங்கிவிடட்டுமா என்று கேட்டீர்கள். இறங்கலாம். முன்கூட்டியே கப்பல் அலுவலகத்தில் சொல்ல வேண்டும், அந்த நாட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும், பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் கேட்டு வாங்க வேண்டும். அதெல்லாம் நடக்கிற காரியம்தான். விமானமும் கிடைக்கும். ஆனால் வாசலில் பெட்டியோடு நிற்கும் உங்களைப் பார்த்ததும் மருமகள் முகம் எப்படிப் போகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

போனை அடியோடு விடச் சொல்லவில்லை. 1922இல் லகோனியா என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து 130 நாள் உலகச் சுற்றுக்குக் கிளம்பியபோது வீட்டுச் செய்திக்குத் துறைமுகத் தபாலும் கம்பியில்லாத் தந்தியும்தான். நாம் அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டாம். மருமகளுக்கு ஒரே ஒரு செய்தி எழுதுங்கள்: "வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் உனக்குத் தோது? அப்போது நீ கூப்பிடு." அவ்வளவுதான், அறிவுரை எதுவும் சேர்க்காமல். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் பொறுத்திருங்கள். பையனுக்குப் படம் போட்ட அட்டை ஒன்று ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் போகட்டும். அது யார் தூக்கத்தையும் கெடுக்காது.

இன்று மாலைத் தாள் வந்திருக்கும். மணி மாறுகிறதோ இல்லையோ, கைக்கடிகாரத்தின் திருகை இழுத்துக் கப்பல் நேரத்துக்கு வையுங்கள். மூன்றரை அலாரத்தை அணைத்துவிடுங்கள். சாப்பாட்டு மணிக்கு நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு மேசைக்குப் போங்கள். அந்த அம்மாவைப் பக்கத்து நாற்காலிக்கு நகரச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், இத்தனை நாளாக உங்கள் கணவரின் சீட்டாட்டக் கதையை உட்கார்ந்து கேட்டவர் அவர்.