றங்குப் பெட்டிக்குள் இருக்கும் பாட்டுகள்

கேள்வி: அப்பாவின் றங்குப் பெட்டியில் 14 எல்.பி. தட்டுகளும் ஏறத்தாழ 60 கசற்றுகளும் இருக்கின்றன. எல்லாம் தமிழ்ப் படப் பாட்டுகள். 10 வருடம் பொறுத்தால் விலை ஏறுமா, இப்போதே விற்கவா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: பழசு என்றால் விலை போகும் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் நன்றாக ஓடிய படங்களின் தட்டுகள் நிறையவே விற்றவை, இன்றும் கிடைக்கின்றன. 80களின் கடைசியில் வந்தது ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சனம் கசற்றுக்கு மாறிவிட்ட நேரம் அது. தட்டைக் கொஞ்சமாகத்தான் அடித்தார்கள். எக்கோ கம்பனி வெளியிட்ட இளையராஜா தட்டுகளைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தட்டை வெயிலில் சரித்துப் பிடித்துக் கீறல் பாருங்கள். அப்புறம் உறை. வன்னியில் தட்டைக் காப்பாற்றியவர்கள் உண்டு, உறையைக் கறையானிடமிருந்து காப்பாற்றியவர்கள் குறைவு. உறை போனால் பாதி விலை போச்சு. தகரக் கூரைக்குக் கீழே படுக்கையாக அடுக்கியிருந்தால் இன்றைக்கே நிமிர்த்தி வையுங்கள். சூட்டில் வளைந்த தட்டை யாரும் தொட மாட்டார்கள்.

விலை ஏறுமா? என் கணிப்பு, இன்னும் கொஞ்சக் காலம் ஏறும். அந்தப் பாட்டோடு வளர்ந்தவர்களுக்கு இப்போது 50 வயது தாண்டிவிட்டது, கையில் காசும் இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு யார் வாங்குவார்கள்? உறையோடு இருப்பதை வைத்திருங்கள், மற்றதை விற்றுவிடுங்கள்.

கசற்றுகளில் கம்பனி அச்சடித்த அட்டையோடு இருப்பவற்றுக்குச் சில்லறை கிடைக்கும். ரெக்கோடிங் பாரில் பதிந்தவற்றுக்கு ஒரு சதமும் வராது. நானும் அப்படியொரு கடையில் இருந்தவன். பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லாத 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் பதிந்தோம். சுற்றுகிற பெடியன் களைத்தால் நாடா மெதுவாக ஓடும். பிறகு நல்ல ரேடியோவில் போட்டால் அந்த இடத்தில் மட்டும் பாடகியின் குரல் கீச்சென்று ஏறும். உங்கள் 60இல் அப்படி ஒன்று இருந்தால் விற்க வேண்டாம், எனக்கு ஒருக்கால் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: கசற் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம். போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம். ரேடியோவின் ஹெட்டும் கெடும், மற்றக் கசற்றுகளுக்கும் தொற்றும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.