ஐ7 என்றால் போதுமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்கு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப் பார்த்தேன். “ஐ7, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்கிறார் விற்பவர். விலையும் மலிவு. வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். ஐ7 என்பது இன்டெல் பிராசஸரின், அதாவது கணினியின் மூளையின், வரிசைப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்லும். ஐ7-4600யு என்றால் நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது, இரண்டே கோர் (கணக்குப் போடும் பகுதி). 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர். பெயரில் சின்னது, வேலையில் பெரியது! இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். பழையவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

அப்புறம் பேட்டரி. நான் முதலில் வாங்கியது புதுசு போலப் பளபளத்தது. சார்ஜரைப் பிடுங்கிய இருபதாவது நிமிடம் அணைந்தது. அன்றிலிருந்து, பணம் கொடுக்கும் முன்பே விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்டில் ‘powercfg /batteryreport’ என்று அடித்துப் பார்த்துவிடுகிறேன். டிசைன் கெபாசிட்டி (புதிதில் தாங்கியது) 50,000 என்றிருந்து, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது தாங்குவது) 25,000 என்று வந்தால், பாதி உயிர் போய்விட்டது. புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு அப்போதும் மலிவாக இருக்கிறதா?

எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) கட்டாயம். ரேம் 8 ஜிபி, கூட்ட இடமிருந்தால் நல்லது. அலுவலகங்களிலிருந்து வரும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் வகைகள் உழைப்பாளிகள். ஆனால் பயாஸில் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளில்) பாஸ்வேர்டு போட்டிருந்தால் தொடவே வேண்டாம். எழுத்தில் வாரன்டி தருவாரா என்று அந்த விற்பவரையே கேளுங்களேன்.