முன்பக்கம் கடகடக்கிறது, எதை மாற்றுவது?

கேள்வி: என் ஸ்விஃப்ட் 90,000 கி.மீ. ஓடிவிட்டது. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போனால் முன்பக்கம் இடதுபுறம் கடகடவென்று சத்தம் வருகிறது. நெடுஞ்சாலையில் ஒன்றுமே தெரிவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் நாலு ஷாக் அப்சார்பரையும் இரண்டு லோயர் ஆர்மையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: முன்பக்கச் சத்தத்துக்குப் பின்பக்க ஷாக்கையும் மாற்றச் சொல்வது என்ன கணக்கோ! எனக்கு முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரை, ஸ்ட்ரட்டோடு (முன் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இணைக்கும் சின்னக் கம்பி அது. இடது சக்கரம் ஒரு பக்கமும் வலது சக்கரம் ஒரு பக்கமும் ஏறி இறங்கும் ரோட்டில்தான் அதற்கு வேலை அதிகம். முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து மண்ணும் தண்ணீரும் புகுந்தால் மூட்டு தேய்ந்து ஆடும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு லிங்க் ராடைப் பிடித்து உலுக்குங்கள். டொக் டொக்கென்று கையில் தட்டினால் ஆள் அகப்பட்டான். விலையும் ஷாக்கோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

ஷாக்கில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருந்தால் விட்டுவிடலாம். எண்ணெய் வழிந்து நனைந்திருந்தால் மாற்றுங்கள், அதுவும் இடது வலது ஜோடியாக.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை. அதைப் பார்க்க வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆர்மின் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தாலோ, வண்டிப் பக்க மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் ஆழமாக வெடித்திருந்தாலோ மாற்றுங்கள்.

மாற்றுவதானால் பக்கத்திலேயே நின்று ஒன்றைப் பாருங்கள். புஷ்ஷின் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை முடுக்கினால் அந்தக் குழாய் அசையாமல் இறுகிவிடும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டி இறங்கிய பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். அதனால் போல்ட்டை முதலில் லேசாகப் பிடிக்கவிட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு. அவசரத்தில் பலர் இதைச் செய்வதில்லை, கேட்டால் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

ஆர்மோ ஸ்ட்ரட்டோ கழற்றினால் அப்புறம் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். லிங்க் ராடு மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.