பழைய தெருவில் வீடு பார்க்கிறீர்களா? தரையில் உட்கார்ந்து பாருங்கள்

பெருநகரத்தின் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில் மாடி வீடு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நூறு வருஷக் கட்டடம், தெரு முழுக்க மரம், நடந்து போகிற தூரத்தில் பள்ளி. பிள்ளைகளுக்கு ஏழு வயதும் இரண்டு வயதும். முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

தெரு உங்களுக்கு ஏற்கெனவே பிடித்துப்போய்விட்டது, அதனால் அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை நடந்து போய், எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். இந்த மாதிரி அழகான தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாக அலுவலகமாகவும் விடுதியாகவும் மாறிக்கொண்டே போகும். பகலில் கலகலப்பாக இருக்கும், ராத்திரி ஒரு அவசரத்துக்குப் பக்கத்துக் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. விளக்கு எரிகிறது, கொடியில் சின்னச் சட்டைகள் காய்கின்றன என்றால் சரி.

அப்புறம் வீட்டுக்குள் போய்த் தரையில் உட்காருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வயதுக் குழந்தை அந்த உயரத்தில்தான் வாழப்போகிறது.

அங்கிருந்து முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல் சட்டம். பழைய எண்ணெய் பெயின்டில் ஈயம் கலப்பது வழக்கம். அமெரிக்காவிலேயே வீட்டு பெயின்டில் அதற்குத் தடை வந்தது 1978-இல்தான். மேலே புதிதாக எத்தனை பூச்சு அடித்திருந்தாலும் அடியில் பழையது அப்படியேதான் இருக்கும். ஜன்னலைத் திறந்து மூடும்போது மரத்தோடு மரம் உரசி, பெயின்ட் மாவு மாதிரி உதிர்ந்து சட்டத்தின் பள்ளத்தில் சேரும். குழந்தை அதில் கைவைத்து, அதே கையை வாயில் வைக்கும். ஈயத்துக்கு 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று ஒரு அளவே கிடையாது, மூளை வளர்கிற வயதில் அது செய்கிற பாதிப்பைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது. உரிந்த பெயின்டைச் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதிக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டிச் சுரண்டாதீர்கள், இரண்டுமே நிலைமையை மோசமாக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் வேண்டாம்.

அடுத்தது சுவர். ஒருமுறை நான் பார்க்கப் போன வீட்டில் அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது. பீரோவை ஒரு சாண் நகர்த்தச் சொன்னேன். பின்னால் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டியது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் உள்ளே ஏறிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நீங்கள் போவது மாடி என்பதால் தரையிலிருந்து ஏறும் ஓதம் உங்களைத் தொடாது, ஆனால் கூரையிலும் மழைநீர்க் குழாய் ஓரத்திலும் கசிவு இருக்கலாம். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தொம்மென்று ஓசை வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம். பூஞ்சை வாடை அடிக்கிற அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

மின்சாரத்தில் கண்ணை நம்பாதீர்கள். மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், கழற்றினால் பின்னால் எர்த் வயரே இருக்காது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னமும் கோபம்தான் வருகிறது. எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப்போய் எர்த் வேலை செய்கிறதா, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும்.

குடிநீர்க் குழாய் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்து, நாணயத்தால் லேசாகச் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயக் குழாயாக இருக்கலாம். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. குழாயை மாற்றாமல் குடிபோக வேண்டாம்.

பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் சின்னவன் உடம்பை நுழைத்துவிடுவான். வலை கட்ட வேண்டும். ஆனால் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால், தெருப்பக்கம் வலை கட்டவும் ஏசியின் வெளிப்பெட்டி மாட்டவும் அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். அந்த அனுமதியை வாங்கித் தருவது யார், குழாய்க்கும் வயருக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர் 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால், முன்பணத்தையும் அப்புறமே கொடுக்கலாம்.