பட்ட மரமில்லை, மாமி

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியையும் கூட்டிக்கொண்டு இங்கே கனடாவில், ரொறன்ரோவிலுள்ள ரூஜ் பூங்காவின் காட்டுக்குள் நடக்கப் போனோம். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள். ஏப்ரல் பிறந்துவிட்டதே, கொஞ்சம் காற்றாட நடக்கட்டும் என்று நினைத்தேன். சப்பாத்தெல்லாம் சேறு. ஒரு மரத்திலும் இலையில்லை. “எல்லாம் பட்டுப்போன மரம், இதைப் பார்க்கவா கூட்டிவந்தனீ?” என்றார் மாமி. இருபது நிமிடத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போவோம் என்று தொடங்கிவிட்டார்கள். எனக்கும் காட்ட ஒன்றும் தெரியவில்லை. ஊரில் வேலியில் நின்ற மரமெல்லாம் பெயரோடு தெரியும். இங்கே ஒரு செடியின் பெயரும் தெரியாது. ஜூன் வரை பொறுத்துப் போயிருக்க வேண்டுமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஜூன் வரை பொறுக்க வேண்டாம். ஜூனில் மரங்கள் இலைவிட்டு மூடிக்கொள்ளும், அடியில் இருட்டிவிடும். இப்போதுதான் வெயில் தரைவரைக்கும் விழுகிறது. அந்தக் கொஞ்ச நாள் வெயிலை நம்பியே சில செடிகள் முளைத்து, பூத்து, விதையும் கட்டிவிடுகின்றன. அடுத்த முறை மரத்தை அண்ணாந்து பார்க்காமல் காலடியைப் பாருங்கள்.

சருகுக்கு நடுவில் பழுப்புப் புள்ளி போட்ட இலைகள் கூட்டமாக நிற்கும். ட்ரவுட் மீனின் உடம்புப் புள்ளிபோல இருப்பதால் ட்ரவுட் லில்லி என்று பெயர். ஒற்றை இலையோடு நிற்பது பூக்காது. பூக்கப் பல வருடம் வளர்ந்து, இரண்டாவது இலையும் வர வேண்டும். பிள்ளைகளை இரட்டை இலை தேடச் சொல்லுங்கள், இருபது நிமிடம் போனதே தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குப் “புள்ளியிலை” என்று பெயர். அம்மா வைத்தது. பெயர் தெரியவில்லை என்று கவலைப்பட்டீர்களே, நானும் அப்படித்தான் பல வருடம் இருந்தேன். நீங்களும் மாமியும் முதலில் உங்கள் பெயரை வையுங்கள். புத்தகத்திலுள்ள பெயர் அப்புறம் வந்து சேரும்.

மாமிக்கு ஒரு மேப்பிள் கிளையைத் தாழ்த்தி நுனியைக் காட்டுங்கள். மொட்டு இருக்கும். அது இப்போது வந்ததல்ல, போன கோடையிலேயே மரம் கட்டிவைத்தது. அந்தக் குளிர் முழுவதையும் அது செதில்களுக்குள் மூடிக்கொண்டு தாங்கியிருக்கிறது. இரவில் உறைந்து பகலில் உருகும் மார்ச் மாதத்தில் மரத்துக்குள் இனிப்பு நீர் ஓடும். சுமார் 40 லீட்டரைக் காய்ச்சினால் 1 லீட்டர் பாகு. பனங்கட்டி காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப எவ்வளவு விறகு வேணும்?” என்றுதான் முதலில் கேட்டார்.

இனித் தவளை. பனி உருகிக் காட்டுக்குள் தேங்கும் குட்டைகளில் ஏப்ரலில் வாத்துக் கூட்டம் கத்துவதுபோலச் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் வாத்து இருக்காது. அது காட்டுத்தவளை. குளிர்காலத்தைச் சருகுக்கு அடியில் கழிக்கிறது. உடம்பிலுள்ள நீரில் பாதிக்கு மேல் உறைந்துவிடும், இதயமும் நின்றுவிடும், மூச்சும் இருக்காது. வெப்பம் வந்ததும் உருகி எழுந்து, குட்டையைத் தேடிப் போய் இணையை அழைக்கிறது. இதைக் கேட்ட அன்று என் மகன் இரவெல்லாம் கேள்வி கேட்டான். ஆள் கிட்டப் போனால் சத்தம் நின்றுவிடும். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒன்று தொடங்கும், பிறகு எல்லாம் சேர்ந்துகொள்ளும். மாரி மழைக்குப் பிறகு வயலில் தவளை கத்துவதைக் கேட்டவர் மாமி. அந்த இடத்தில் அவர்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ட்ரில்லியம் வரும். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். 1937 முதல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் சின்னப் பூ அது. விதையிலிருந்து முதல் பூ வர ஏழு வருடத்துக்கு மேலாகும். அந்த விதையை எறும்புகள் இழுத்துப் போய்ப் பரப்புகின்றன. எங்கள் முதல் வசந்தத்தில் மகள் ஒரு கைப்பிடி பறித்துவந்தாள். நான் மகிழ்ந்து போய்க் கண்ணாடிக் குவளையில் வைத்தேன். இலையோடு பறித்தால் செடி அடுத்த வருடத்துக்கு உணவு சேர்க்க முடியாது, சாகவும் கூடும் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுடைய வயதளவுக்கு வளர்ந்த செடிகள் அவை. இன்றைக்கும் நினைத்தால் மனம் வலிக்கிறது. ரூஜ் தேசியப் பூங்கா, எதையும் பறிக்கக் கூடாது என்பது அங்கே சட்டமும்தான்.

உண்ணியை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெப்பம் 4 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலே கறுப்புக்கால் உண்ணி நடமாடத் தொடங்கும், அதனால் லைம் நோய் வரலாம். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் தலைமுடி, காதுக்குப் பின்புறம், அக்குள், முழங்காலின் பின்புறம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.

நீண்ட பாதை வேண்டாம். ஒரே இடத்துக்கு ஐந்து ஞாயிறு தொடர்ந்து போங்கள், மாமியின் நடைக்கு எல்லோரும் நடங்கள். அவருக்கு ஒரு மடக்கு நாற்காலியும், பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துப் போங்கள். தவளைக்காகக் குட்டையோரம் காத்திருக்க வேண்டிவரும்.