வாக்களித்து அலுத்துப்போனவர்களுக்கு: கேள்வி பதில்

தேர்தலின் மீதும் ஆட்சியின் மீதும் நம்பிக்கை இழந்துவிட்டதாகச் சொல்லும் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகத் தவறாமல் வாக்களித்து வருகிறேன். ஆட்சிகள் மாறின, அரசு அலுவலகங்களில் எங்களை நடத்தும் விதம் மாறவில்லை. இனியும் வாக்குச்சாவடிக்குப் போய் என்ன பயன், ஐயா?

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கிடம் நாம் எதையெல்லாம் எதிர்பார்க்கிறோம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். யார் ஆட்சிக்கு வருவது, யார் வெளியேறுவது என்பதை அது முடிவு செய்கிறது. சாலைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, கொடுத்த மனுவை ஏன் கிடப்பில் போட்டார்கள் என்பதையெல்லாம் யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்கிற ஒரு செயலின் தலையில் அத்தனை ஆண்டுகளுக்குமான வேலையையும் கட்டிவிட்டு, அது நடக்கவில்லையே என்று மனம் நொந்துபோகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வாக்களிப்பதை நிறுத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். தனக்கு எதிராக விழுந்த வாக்குகளை வென்றவர் கணக்குப் பார்ப்பார். வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றிக் கவலைப்பட அவருக்குக் காரணமே இல்லை.

கேள்வி: லட்சக்கணக்கான வாக்குகளில் என் ஒரு வாக்கு எதைத் தீர்மானிக்கப்போகிறது?

2008-ஆம் ஆண்டு ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017-இல் ஒரு தொகுதியின் வேட்பாளர்கள் இருவரும் சரிசமமாக வாக்குகள் பெற்றதால், பெயர்களைக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்குமா, இரு கட்சிகளும் சரிசமமாக நிற்குமா என்பதே அந்தக் குலுக்கலில் முடிவாயிற்று.

இவற்றைக் காட்டி மட்டும் உங்களை இணங்கவைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இவை அபூர்வமானவை. பெரும்பாலான தொகுதிகளில் தனி ஒருவரின் வாக்கால் முடிவு மாறாது. ஆனால் ஒரு பகுதியினரோ, ஒரு தொழிலைச் செய்பவர்களோ, ஒரு வயதினரோ திரளாக வந்து வாக்களிக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த தேர்தல் அறிக்கையில் அவர்களுக்கென்று ஒரு பத்தி இடம்பெறும். உங்கள் வாக்கின் எடை அந்தத் திரளில் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல்களில் அது இன்னும் கூடும்; அங்கே சில குடும்பங்களின் முடிவே வெற்றி தோல்வியைப் புரட்டிவிடும். அந்தத் தேர்தலைத்தான் மக்கள் அற்பமாக நினைக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: போட்டியிடும் ஒருவரும் தகுதியானவராகத் தெரியவில்லை. நோட்டாவில் அழுத்திவிட்டு வரலாமா?

அழுத்தலாம், ஆனால் அதற்கு என்ன பலன் உண்டு என்று தெரிந்துகொண்டு அழுத்துங்கள். இந்தியாவில் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் நோட்டா வந்தது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அது முதலிடம் பெற்றாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவராவார். கொலம்பியாவில் விதி வேறு. அங்கே வெற்று வாக்குகள் செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்டினால் மறுதேர்தல் நடத்த வேண்டும். குடியரசுத் தலைவர், மேயர் போன்ற பதவிகளுக்கு, முதல் தேர்தலில் நின்றவர்கள் அந்த மறுதேர்தலில் நிற்க முடியாது.

ஆகவே இந்தியாவில் நோட்டா எதிர்ப்பைப் பதிவு செய்யும், அவ்வளவே. அதை அழுத்துவதற்கு முன் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைப் படித்துப் பாருங்கள். 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வேட்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அதையெல்லாம் படித்த பிறகும் ஒருவரும் தேறவில்லை என்றால் உங்கள் மறுப்புக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: நான் பிரசாரம் செய்து ஆதரித்த கட்சியே ஆட்சிக்கு வந்து ஏமாற்றிவிட்டது. யாரிடம் முறையிடுவது?

அந்தக் கட்சியிடமே முறையிடுங்கள். எதிர்க்கட்சிக்காரர் கேட்கும் கேள்வியை எளிதில் தள்ளிவிடுவார்கள். உடன் உழைத்தவர் வாக்குறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்லாமல் தப்புவது கடினம். கேட்டால் எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்கிற விசுவாசம்தான் பிறகு வெறுப்பாக முற்றுகிறது.

கேள்வி: தேர்தல் இல்லாத நாட்களில் சாதாரண ஆள் என்னதான் செய்ய முடியும்?

ராஜஸ்தானில் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். அங்கே பொதுப்பணிகளில் மண் வெட்டிய கூலித் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டபோது, அவர்கள் செய்த வேலை குறைவு என்று பதிவேட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். அது அரசாங்க ரகசியம் என்று பதில் வந்தது. 1990-இல் அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் உள்ள கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கையில் கிடைத்த கணக்குகளை ஊரார் முன்னிலையில் உரக்க வாசித்தார்கள். இத்தகைய விசாரணைகளில் வேலைக்கே வராதவர்களின் பெயரிலும், இறந்துபோனவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. காகிதத்தில் மட்டுமே கட்டி முடிக்கப்பட்ட பணிகளும் இருந்தன. படிக்கத் தெரியாத பெண்கள்கூட எழுந்து நின்று, அந்த வேலை நடக்கவேயில்லை என்று சாட்சி சொல்ல முடிந்தது, ஏனென்றால் கேள்வி அவர்கள் கண்ணால் கண்ட விஷயத்தைப் பற்றியது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். 2000-இல் மாநிலத்திலும், 2005-இல் நாடு முழுவதற்குமாகவும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, தகவல் கேட்டு விண்ணப்பித்தவருக்கு இன்று பொதுவாக 30 நாட்களுக்குள் அதிகாரி பதில் தர வேண்டும்.

“ஊழலை ஒழிப்போம்” என்று மட்டும் அவர்கள் புறப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஒரு வேலை, ஒரு கூலி, ஒரு பதிவேடு என்று கைக்கு எட்டும் அளவில் தொடங்கினார்கள். நீங்களும் அப்படியே தொடங்கலாம். உங்கள் கண்ணெதிரே நடக்கும் ஒரு பணியை எடுத்துக்கொண்டு, அதன் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், எப்போது முடிய வேண்டும் என்ற மூன்றை மட்டும் எழுத்துமூலம் கேளுங்கள்.

கேள்வி: மனு கொடுத்தேன், பதிலே இல்லை. மனம் விட்டுப்போயிற்று.

பதில் இல்லாததை நீங்கள் முடிவாக எடுத்துக்கொண்டால், அதிகாரியும் அப்படியே எடுத்துக்கொள்வார். ஒரு மனுவில் ஒரே கோரிக்கையை எழுதுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகை வாங்குங்கள். அடுத்த மனுவில் முந்தையதன் தேதியைக் குறிப்பிடுங்கள்; முடிந்தால் அதில் கூடுதலாகச் சிலர் கையெழுத்திடட்டும். நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டு 1891-இல் கொடுத்த மனுக்களில் 9,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருந்தன. சட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 20,000 பேர், அப்போதும் நிறைவேறவில்லை. 1893-இல் ஏறத்தாழ 32,000 பேர் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வாக்குரிமை கிடைத்தது. நிராகரிக்கப்பட்ட மனுவே அடுத்த மனுவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

கேள்வி: வாக்களிப்பதைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடாதா?

வருகை கூடும். ஆஸ்திரேலியாவில் 1922-இல் 60 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த வாக்குப்பதிவு, 1924-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. வாக்காளர் மனத்தில் ஊறிய கசப்பைச் சட்டம் போட்டுக் களைய முடியாது. அதற்கு மேலே சொன்ன வழிதான்.

கேள்வி: அரசியல் செய்திகளைப் பார்த்தாலே கோபமும் சோர்வும் வருகின்றன. விலகிவிட்டால் குற்ற உணர்வு வருகிறது.

செய்தி பார்ப்பதையே பொதுப்பணி என்று நினைக்காதீர்கள். உங்களால் எதுவும் செய்ய இயலாத விவகாரங்களை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சோர்வு வரும். பார்ப்பதைக் குறைத்து, அந்த நேரத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: வேலையும் குடும்பமும் போக எனக்கு நேரமே மிஞ்சுவதில்லை. என்னால் எவ்வளவு முடியும்?

எல்லாவற்றிலும் இறங்க வேண்டியதில்லை. உங்கள் உள்ளாட்சி மன்றத்தின் அடுத்த பொதுக் கூட்டம் எந்த நாள் என்று விசாரியுங்கள். தனியாகப் போனால் முதல் கூட்டத்தோடு நின்றுவிடத் தோன்றும். ஆகவே அண்டை வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் முறை பேசக்கூட வேண்டாம். என்ன தீர்மானம் போட்டார்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்து, அது முடிந்ததா என்று எழுந்து கேளுங்கள்.